மாத்து டாக்டர்

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்து நான்கு நாள் ஆயிற்று. தண்ணீர் மாறியதில் தொண்டை லேசாகக் கட்டியிருக்கிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

போனில் நான் கத்துவதும் உன் காதில் பாதி விழுவதும் நமக்குச் சரிப்படாது. மெசேஜ் அனுப்பினால் "தந்தி அடிக்கிறியாடா" என்பாய். அதனால் கடிதம்.

எங்கள் ஆஸ்பத்திரியை மூடியபோது, இருபத்தாறு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவன் ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்ப்பானா என்று சிரித்தவள் நீ. "மூணு இடம் போய்ப் பாரு, அப்புறம் முடிவு பண்ணு" என்று சொன்னவளும் நீதான். லீவு டாக்டர்களுக்கு மாற்று ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கார அம்மாவிடம் அதையே சொல்லிவிட்டேன். ஆறு மாதம், மூன்று ஆஸ்பத்திரி. ஜனவரி கடைசிக்குள் ஒரு வருட ஒப்பந்தத்துக்குச் சம்மதமா இல்லையா என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் வீடு திரும்பி, உன்னோடு உட்கார்ந்து செய்தித்தாள் படிக்க வேண்டியதுதான்.

வேலை இதுதான்: லீவில் போன டாக்டரின் இடத்தில் நான். இந்த அறையின் டாக்டரம்மா குள்ளம் போலிருக்கிறது. நாற்காலியைத் தாழ்த்தி வைத்திருக்கிறார், என் முட்டி மேஜையில் இடிக்கிறது. உயர்த்தச் சொன்னால் அட்டெண்டர், "அவங்க வந்தா என்னைத் திட்டுவாங்க சார்" என்கிறார். முதல் நோயாளி உள்ளே எட்டிப் பார்த்தார். வெளியே போய்ப் பெயர்ப் பலகையைப் படித்தார். மறுபடி வந்தார்.

"டாக்டரம்மா இல்லியா?"

"லீவுல இருக்காங்க. நான் பார்க்கிறேன், உட்காருங்க."

"பரவால்ல. நான் அவங்க வந்ததும் வரேன்."

மத்தியானத்துக்குள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: மாத்து டாக்டர்.

மாடிவீட்டம்மா தினமும் இறங்கி வந்து உன்னைப் பார்க்கிறாளா? வாசல் மணி அடித்தாலும் உனக்குக் கேட்காது. அவள் மேலே குடியிருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் கிளம்பினேன். அதை மறக்காதே.

தம்பி

*

ஆகஸ்ட் 15

அன்புள்ள தம்பிக்கு,

தொண்டைக்கு உப்புத் தண்ணீர் கொப்பளித்தாயா? டாக்டருக்கு வைத்தியம் சொல்லக் கூடாதுதான். முழங்கால் பழையபடிதான், என்னை விட்டுப் போகிற எண்ணம் அதற்கு இல்லை.

அச்சகத்தில் நான் பிழை திருத்திய முப்பது வருடத்தில் இரண்டே தடவைதான் நீண்ட லீவு எடுத்தேன். திரும்பி வந்தபோது என் சிவப்புப் பேனா வேறு பக்கத்தில் இருந்தது. ஒரு வாரம் எனக்கு எரிச்சல். அட்டெண்டர் சொல்வதைக் கேள், நாற்காலியைத் தொடாதே. இரண்டு மாதம் முட்டி இடித்தால் குறைந்தா போய்விடுவாய்?

மாடிவீட்டம்மா சாயங்காலம் ஏழு மணிக்கு வந்துவிடுகிறாள். வாசலில் நின்று கையை ஆட்டிக்கொண்டே வருவாள், நான் பயந்துவிடக் கூடாதாம். அவளுடைய இரண்டு வாலுகளும் என் காது மெஷினைக் கழற்றித் தங்கள் காதில் வைத்துக்கொண்டு, "ஐயோ, எவ்ளோ சத்தம்" என்று ஓடுகின்றன. நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடு.

அக்கா

*

செப்டம்பர் 27

அன்புள்ள அக்கா,

நான் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

முதல் இடம் முடிந்தது. உண்மையைச் சொன்னால் பிடித்திருந்தது. மீட்டிங் கிடையாது, நிர்வாகத்தோடு சண்டை கிடையாது. வந்தவரைப் பார்த்தேன், எழுதினேன், அறையைப் பூட்டினேன். நீண்ட காலம் முதுகில் இருந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. ஆனால் ஒன்று. ஒருத்திக்கு ரத்தப் பரிசோதனை எழுதினேன். முடிவு வருவதற்குள் என் கடைசி நாள் வந்துவிட்டது. அவளுக்கு என்னவாயிற்று என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. படித்துக்கொண்டிருந்த கதைப் புத்தகத்தைப் பாதியில் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது. இப்படிப் பதினேழு பேர்.

தங்கும் அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை. நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டேதான் சாப்பிட்டேன், மன்னித்துவிடு. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் பொழுது போய்விடும். திங்கட்கிழமை காலை முதல் நோயாளியிடம் பேசும்போது தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும்.

நாளை மறுநாள் இரண்டாவது இடம். அங்கே டாக்டர் தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள லீவில் போயிருக்கிறாராம். மாடிவீட்டம்மாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

*

அக்டோபர் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாம் வழக்கம்போல. என் நாற்காலியை ஜன்னலோரம், கேட்டைப் பார்த்தபடி இழுத்துப் போட்டுக்கொண்டேன். காற்று நன்றாக வருகிறது.

மாடிவீட்டின் சின்ன வாலுக்கு சைக்கிள் ஓட்ட வந்துவிட்டது. பெரியது அதைப் பிடிக்கிறேன் என்று பின்னாலேயே ஓடி முட்டியைச் சிராய்த்துக்கொண்டது. ஓட்டியவள் தப்பித்தாள், பிடித்தவளுக்குக் காயம். அவர்கள் அம்மா ஏழு மணிக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தப் பதினேழு பேரைப் பற்றி அதிகம் யோசிக்காதே. உட்கார ஒரு நாற்காலி கேட்டு வாங்கு.

அக்கா

*

நவம்பர் 13

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு எப்படி? நான் நன்றாக இருக்கிறேன், சொல்லப்போனால் ரொம்ப நன்றாக.

இங்கே ஒருவர் வருகிறார். கடைகளின் தராசுகளைப் பழுது பார்ப்பவர். சர்க்கரை உண்டு. மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்கத்தான் வந்தார். "செருப்பைக் கழட்டுங்க" என்றேன். "காலுக்கு ஒண்ணுமில்லீங்களே" என்றார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் பஞ்சால் தொட்டுக்கொண்டே, "தொடுறது தெரியுதா?" என்றேன்.

"நீங்க இன்னும் ஆரம்பிக்கலியே சார்."

செருப்பைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே தராசுத் திருகாணி ஒன்று. மூன்று நாளாக அதை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறார். பாதத்தில் குழி. அன்றிலிருந்து வாரா வாரம் செவ்வாய்க்கிழமை நானே கட்டுப் போடுகிறேன். குழி மேடாகிக்கொண்டு வருகிறது. நேற்று முன்தினம் தலைமை நர்ஸ், "கட்டு நான் போடறேன், வாங்க" என்று கூப்பிட்டாள். அவர் அசையவில்லை. "மாத்து டாக்டர் வரட்டும். அவருக்குத்தான் என் கால் பழக்கம்" என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்காக ஒருவர் காத்திருந்து எத்தனை மாதம் ஆயிற்று தெரியுமா? கட்டி முடித்துக் கதவு வரை போய், "வர்ற செவ்வாய்க்கிழமை வாங்க, நானே பார்க்கிறேன்" என்று அனுப்பி வைத்தேன். பழைய ஆஸ்பத்திரியில் இருக்கிற மாதிரியே இருந்தது.

இங்கே சனிக்கிழமையோடு முடிகிறது. மூன்றாவது இடத்துக்குப் பெட்டி கட்ட வேண்டும்.

தம்பி

*

நவம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். புது அறையில் நாற்காலி இருக்கிறதா?

தராசுக்காரரைப் பற்றிப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஒரு சந்தேகம். ஓர் உதாரணம் சொல்கிறேன். என் லீவில் வந்த மாற்று ஆள் ரொம்பக் கெட்டிக்காரர். அவர் பார்த்த பக்கங்களில் ஒரு பிழை கிடையாது. புத்தகம் வெளியே போன பிறகுதான் தெரிந்தது, நடுவில் ஒரு பக்கமே இல்லை. அவருக்குக் கொடுத்ததை அவர் சரியாகப் பார்த்தார். அடுத்த பக்கம் வந்ததா என்று அவர் கேட்கவில்லை, அது வருவதற்குள் அவர் போய்விட்டார்.

சனிக்கிழமையோடு நீ கிளம்பிவிட்டாய். இனி செவ்வாய்க்கிழமைகளில் அவர் காலை யார் பார்ப்பது? நீ எழுதவில்லை, அதனால் கேட்கிறேன்.

மாடிவீட்டம்மா உன்னை விசாரித்தாள்.

அக்கா

*

டிசம்பர் 30

அன்புள்ள அக்கா,

ஆறு வாரத்துக்கு மேல் எழுதாமல் இருந்துவிட்டேன். வேலை அதிகம். உடம்பு பரவாயில்லை. நீ சௌக்கியமா?

மூன்றாவது இடம் பெரிய ஆஸ்பத்திரி. ஒரு நாளைக்கு எழுபது பேர். யாருக்கும் என்னைத் தெரியாது, எனக்கும் யாரையும் தெரிய வேண்டியதில்லை. கேன்டீனில் தினமும் ஒரே மேஜையில் உட்கார்கிறேன். எதிரே உட்கார்பவர் தினமும் வேறு.

ஏஜென்சிக்கார அம்மா கூப்பிட்டாள். "டாக்டர், மூணு இடத்துலயும் உங்க மேல ஒரு புகார் இல்ல. உங்களுக்காகவே இந்த வேலை. கண்ண மூடிட்டு கையெழுத்து போடுங்க." போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அதிகம் ஒட்டாமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது.

மாடிவீட்டம்மாவுக்கு நன்றி சொல்லித் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். இன்னும் ஒரு வருடம் நான் வெளியூரில் இருந்தால் உன்னைப் பார்த்துக்கொள்வாளா என்றும் கேட்டிருக்கிறேன். அவள் முடியாது என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தம்பி

*

ஜனவரி 7

அன்புள்ள தம்பிக்கு,

உன் கையெழுத்து சாய்ந்து கிடக்கிறது. தூங்குகிறாயா?

மாடிவீட்டம்மாவுக்கு நீ எழுதியது என் பெட்டியில்தான் விழுந்தது. அவளுக்குச் சேர்ப்பித்துவிட்டேன்.

உனக்குப் பிடித்தால் கையெழுத்துப் போடு. என்னை நினைத்து எதையும் செய்யாதே, என்னை நினைத்து எதையும் விடவும் விடாதே.

தராசுக்காரரின் கால் பற்றிக் கேட்டிருந்தேன். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதற்குப் பதில் இல்லை.

அக்கா

*

ஜனவரி 16

மதிப்பிற்குரிய டாக்டர் சார்,

வணக்கம். நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம், நீங்களும் நல்லா இருக்கணும்.

உங்க லெட்டர் சுத்தி சுத்தி இப்பதான் கைக்கு வந்துச்சு. அக்கா கையெழுத்துல எங்க புது விலாசம் எழுதி, திரும்ப ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்காங்க. படிச்சதும் எனக்கு ஒண்ணும் புரியல சார். எங்க வீட்டுக்காரருக்கு மாற்றல் ஆகி, செப்டம்பர் மாசம் நடுவுலயே நாங்க காலி பண்ணிட்டு வந்துட்டோம். நாலு மாசமா மாடி சும்மாதான் கிடக்கு. உங்களுக்கு அக்கா எழுதியிருப்பாங்கன்னு நினைச்சேன். கிளம்பறப்ப நானே போன் பண்றேன்னு சொன்னேன். "நீ அலையாதே, நான் சொல்லிக்கறேன்"னாங்க.

சின்னவ இன்னும் அக்காவைக் கேட்டுட்டே இருக்கா. இங்க வந்துதான் சைக்கிள் கத்துக்கறா, தினமும் விழறா.

அக்காவைத் தனியா விடாதீங்க சார். அவங்க வாயைத் திறந்து கேக்க மாட்டாங்க.

மாடிவீட்டு அம்மா (இப்ப மாடி இல்ல, தரைதான்)

*

ஜனவரி 24

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

மாடிவீட்டம்மாவின் கடிதம் வந்தது. சின்னது சைக்கிள் ஓட்டியது, பெரியது முட்டியைச் சிராய்த்துக்கொண்டது, ஏழு மணிக்கு வந்து சிரித்தது, எல்லாம் நீ உட்கார்ந்து எழுதிய கதை. அடுத்தவர் எழுத்தில் ஒரு புள்ளி தவறினால் விடாதவள் நீ. எனக்காக இவ்வளவு பொய் எழுதியிருக்கிறாய். கோபப்பட எனக்கு உரிமை இல்லை. நானும் ஒன்றை மறைத்தேன்.

தராசுக்காரருக்கு நான் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன். சனிக்கிழமை கிளம்பப் போவது எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன். இருபத்தாறு வருடம் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்ன வார்த்தை, நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. ஃபைலில் எல்லாம் சரியாக எழுதி வைத்தேன், 'வாரம் ஒரு முறை கட்டு மாற்றவும்' என்று. அவர் ஃபைலையா படிப்பார்? என் வாயைத்தான் நம்பினார். செவ்வாய்க்கிழமை வந்திருக்கிறார். வேறொரு டாக்டர் பார்க்கிறேன் என்றபோது, "அவரே பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார், வருவார்" என்று கட்டை அவிழ்க்க விடாமல் திரும்பிப் போயிருக்கிறார். அடுத்த செவ்வாயும் அப்படியே. மூன்றாவது செவ்வாய் அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். டிசம்பர் முதல் வாரம் தலைமை நர்ஸ் போன் செய்தாள். "ரெண்டு விரல் எடுத்துட்டாங்க சார். உங்க மேல அவர் ஒரு வார்த்தை சொல்லல. நீங்க வருவீங்கன்னே சொல்லிட்டு இருந்தார்." அவர் புகார் செய்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. இந்த வேலை எனக்கு ஒத்து வராது அக்கா. போகிற இடத்தில் இருக்கப்போகிறவன் மாதிரி பேசுகிற வாய் எனக்கு. நேற்று ஏஜென்சிக்கு முடியாது என்று எழுதிவிட்டேன். தராசுக்காரரின் ஆஸ்பத்திரியில் லீவில் போன டாக்டர் திரும்ப வரப்போவதில்லையாம், நிரந்தரமாக ஆள் தேடுகிறார்களாம், நர்ஸ் சொன்னாள். அது கிடக்கட்டும். நீ தனியாக இருக்கிறாய். பிப்ரவரி பத்தாம் தேதி நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இனி எங்கும் போவதாக இல்லை.

தம்பி

*

பிப்ரவரி 1

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறேன் என்று இந்த முறை உள்ளதை எழுதுகிறேன். அவர்கள் போன முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு நாள் சமையலறைக் குழாய் காலையிலிருந்து ஓடியிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை, கூடத்தில் கால் நனைந்த பிறகுதான் தெரிந்தது. துடைத்துவிட்டு அழுதேன். காற்றுக்காக நாற்காலியை நகர்த்தவில்லை. யாராவது வந்தால் கண்ணால் பார்க்க வேண்டுமே, அதற்காக. சாயங்காலம் ஏழு மணி ஆனால் கை தானாக இரண்டு டம்ளர் எடுக்கும். உனக்கு எழுதும்போது அவர்களைப் பற்றி எழுதினேன். எழுதுகிற நேரம் வரை அவர்கள் மேலே இருந்தார்கள். பொய்தான், ஆனால் உனக்காக மட்டும் எழுதிய பொய் இல்லை.

உன் கடிதம் அவள் பெயருக்கு வந்தபோது கிழித்துப் போட்டிருந்தால் உனக்குத் தெரிந்தே இருக்காது. என் கடிதத்தில் நான் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். அவள் கடிதத்தில் கை வைக்க எனக்கு என்ன உரிமை?

ஒவ்வொரு கடிதத்திலும், நீ திரும்பி வருவதாக ஒரு வரி இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். இந்த முறை இருந்தது. கொஞ்ச நேரம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். பிறகு பிழை திருத்துகிறவளாக மறுபடி படித்தேன். விரல் போனதையும் வீட்டுக்கு வருவதையும் ஒரே பாராவில் எழுதியிருக்கிறாய். நடுவில் அந்த ஆஸ்பத்திரி ஆள் தேடுகிற செய்தியை வைத்து, "அது கிடக்கட்டும்" என்று தாண்டிவிட்டாய்.

நீ என்னிடம் வரவில்லைடா. அவரிடமிருந்து வருகிறாய்.

நீ வந்தால் எனக்கு நல்லது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் தினமும் என் எதிரே உட்கார்ந்து செய்தித்தாளைத் திருப்பும்போது நீ அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். எனக்குக் காதுதான் மந்தம், கண் நன்றாகத் தெரியும். அந்த இடத்துக்கு எழுதிப் போடு. நான் குழாயை மூடக் கற்றுக்கொண்டுவிட்டேன். மாடிக்கு ஆள் பார்க்கத் தரகரிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்கா

*

மார்ச் 5

அன்புள்ள அக்கா,

மாடிக்கு யாராவது வந்தார்களா? யாரும் வராவிட்டாலும் உள்ளதை எழுது.

நான் இங்கே வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. அறையும் மேஜையும் பழையவை, பலகையில் மட்டும் என் பெயர். ஆனாலும் எல்லாரும் மாத்து டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் வாரம் தராசுக்காரர் வரவில்லை. அவர் கடைக்குப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். தலைமை நர்ஸ், "வேணாம் சார். அவருக்குத் தோணினா வருவார்" என்றாள்.

நேற்று முன்தினம் வந்தார். கையில் தடி. பெஞ்சில் உட்காரவில்லை, நேரே உள்ளே வந்து நின்றார்.

"எத்தனை நாளைக்கு?"

"இங்கேயேதான் இருக்கேன். நிரந்தரமா எடுத்துக்கிட்டாங்க."

"அப்பவும் வரச் சொன்னீங்க."

"சொன்னேன். போகப் போறேன்னு தெரிஞ்சே சொன்னேன். தப்பு என்னோடது."

மன்னிப்பு என்று தொடங்கினேன். "அது இருக்கட்டும்" என்று கையைக் காட்டினார். அறையைச் சுற்றிப் பார்த்தார். என் மேஜையை ஒட்டி நிற்கும், நோயாளிகளின் எடை பார்க்கும் கருவி அருகே போய், முள்ளை விரலால் லேசாகத் தட்டி, "இது ரெண்டு கிலோ கூடக் காட்டுது. இத்தனை நாளா யாரும் பாக்கலியா?" என்றார். இல்லை என்றேன். மெதுவாக உட்கார்ந்தார். கட்டுப் போட்ட காலைத் தூக்கி வைப்பார் என்று முக்காலியை அந்தப் பக்கம் இழுத்தேன். அவர் அதைத் தடியால் தள்ளி வேறு பக்கம் வைத்து, செருப்பைக் கழற்றி, மற்றக் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

"இதைப் பாருங்க" என்றார். கண்ணை அவராகவே மூடிக்கொண்டார்.

தம்பி